பேனா நிற்கும் இடம்

மூன்றாம் நாள் போகிறேன்,
சட்டைப்பையில் ஒரு பால்பாயிண்ட் பேனா.
ரஹத் ஆறு வற்றிக் குட்டைகளாய்க் கிடக்கிறது.
கரிசல் வெடித்து, வெடிப்புக்குள் ஒரு முழம் இருட்டு.
அங்கேதான் பகலைக் கழிக்கின்றன
கொசுவில் கால்வாசியும் இல்லாத மணல் ஈக்கள்.
பாடாமல் கடிப்பவை.

கல்தூமா வீட்டில் ஏழு பேர்.
முந்தாநாள் ஏழு முன்கைகளிலும்
தோலுக்கடியில் ஒரு சொட்டு வைத்தேன்:
கொன்று கழுவிய ஒட்டுண்ணி.
யார் உடம்புக்கு அதைத் தெரியும்
என்று கேட்டுவிட்டு வந்ததுபோல.

பதிலை வாசிப்பது சுலபம்.
ஊசி போட்ட இடத்தை நோக்கி
வெளியிலிருந்து பேனாவை மெல்லத் தள்ளவேண்டும்.
தடிப்பு இருந்தால் விளிம்பில் முட்டி நிற்கும்.
எதிர்ப்பக்கம் இன்னொரு கோடு, அதுவும் நிற்கும்.
நடுவில் மை படாத தோல்
எத்தனை மில்லிமீட்டரோ
அத்தனை அகலம் ஞாபகம்.

இஸ்ஹாக்கின் கையில் பேனா நிற்கவே இல்லை.
பத்தொன்பது வயது, இரண்டு மாதக் காய்ச்சல்.
விலாவுக்குக் கீழே, தன் பெயரிலேயே
மண்ணை வைத்திருக்கும் அந்த உறுப்பு
காய்ந்த கரிசல் கட்டியாய்த் தொப்புள்வரை இறங்கியிருந்தது.
"திங்கிறான். திங்கிறது எங்கே போகுது?"
என்றாள் அவன் தாய், என்னைப் பார்க்காமல்.

அவன் ரத்தத்தில் எதிர்ப்பொருளுக்குப் பஞ்சமில்லை.
ஆனால் அவை தெருவில் நின்று கத்துபவை.
திருடனோ காவல்காரனின் வயிற்றுக்குள்.
விழுங்கிவிட்டோம் என்று நம்பிய அணுவுக்குள்
பாய் விரித்து,
ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி.
காவல்காரனுக்கு யாரும் சொல்லவில்லை,
உன் வயிற்றில் நெருப்பு வை என்று.
சொல்லவேண்டிய டி-செல்லின் வாயை
உடம்பே பொத்தியிருந்தது,
சண்டை பெரிதாகிவிடுமோ என்று பயந்து.

கல்தூமா கையை நீட்டினாள்.
பேனா நின்றது. மறுபக்கமும் நின்றது.
பதினொன்று.
"எனக்கு ஒண்ணுமே வரலையே" என்றாள்.
"ஒரே பாய். ஒரே உடைமரத்தடி.
அவனைவிட நான்தான் ராத்திரி வெளியே படுப்பேன்.
நான் என்ன செய்தேன்?"
குற்றம் சாட்டப்பட்டவள் கேட்பதுபோலக் கேட்டாள்.

என்ன சொல்ல?
நீ சோளக்கதிர் அடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு வாரம்
உனக்குள் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது,
உனக்கு அன்று லேசாகத் தலை வலித்திருக்கலாம்,
வெயில் என்று நினைத்திருப்பாய்.
பாத்திப் பாத்தியாக ஒட்டுண்ணி வெந்துகொண்டிருக்க
நீ புடைத்துக்கொண்டிருந்தாய்.
முழுக்கச் செத்ததா? இல்லை.
நாலைந்து இன்னும் எங்கோ மூலையில் தூங்கும்.
அவற்றுக்கும் சேர்த்துத்தான் நீ சாப்பிடுகிறாய்.

இதில் பாதியைத்தான் சொன்னேன்.

பதினேழு நாள், நாளுக்கு இரண்டு ஊசி.
இஸ்ஹாக்கின் வயிறு உள்வாங்கியது.
உட்கார்ந்தான், நடந்தான், பம்பு செட்டை வைது உதைத்தான்.
ஆறாம் மாதம் முகமெல்லாம் பருக்கள்,
வாயைச் சுற்றி, மூக்கின் மேல், காதுவரை.
கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுக்
"திரும்ப வந்துருச்சு" என்றான்.

வந்தது நோய் மட்டுமல்ல.
தாமதமாகத் தகவல் கேள்விப்பட்ட உடம்பு
இப்போது ஓடிவந்து அவன் முகத்தில் நின்று கத்துகிறது.
அந்தப் பருக்களில் எதிரியும் உண்டு;
ஈ கடித்தால் அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போகும்.
"வலைக்குள் படு" என்றேன்.
அவன் கையில் மறுபடி கோடு போட்டேன்.
நின்றது.
ஐந்துதான். ஆனாலும் நின்றது.

கல்தூமா பேனாவைக் கேட்டாள்.
மிஞ்சிய சொட்டை முந்தாநாள்
என் கையிலேயே இட்டிருந்ததை
எப்படிக் கண்டுபிடித்தாளோ.
சட்டைக் கையை மடித்தாள்.
என்னைவிட மெதுவாகத் தள்ளினாள்.

முட்டியது.

"எந்த வருஷம்?" என்றாள்.
எனக்கு எந்தக் காய்ச்சலும் நினைவில்லை.
பதினோரு வருடமாய் அடுத்தவர் கையை வாசிக்கிறேன்,
என் தோலுக்கடியில் யார் வந்தார்கள்,
யார் தடுத்தார்கள், எதுவும் தெரியாது.

மறுபக்கக் கோட்டுக்கு மை வரவில்லை.
உதறினாள்.
நுனியில் ஊதினாள்.
என் கை அவள் மடியில் கிடந்தது.